ஐம்பத்தொரு வயதில் சித்திரச் சோதினை

"ஐயா, பெற்றோர் எல்லாம் கேற்றுக்கு வெளியாலை நிக்கவேணும். பிள்ளையை விட்டிட்டு வெளிக்கிடுங்கோ."

பரீட்சை மண்டப வாசலில் நின்ற இளம் ஆசிரியை இதை மரியாதையாகத்தான் சொன்னார். நான் சட்டைப் பையிலிருந்து அனுமதி அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார். என் நரைத்த மீசையைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை அட்டையைப் பிள்ளையிட்டைக் குடுங்கோ ஐயா."

"பிள்ளை நான்தான்," என்றேன்.

க.பொ.த. சாதாரண தரம், சித்திரம், தனிப்பட்ட பரீட்சார்த்தி. மூன்றையும் அவர் விரல் வைத்து வாசித்தார். பிறகு உள்ளே போய் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தார். மேற்பார்வையாளர் என் அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த மண்டபத்தில் எனக்கு அடுத்தபடியாக வயது கூடியவர் அவர்தான். அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. சோதினை எழுத வந்த மற்ற எல்லோருக்கும் பதினாறு.

எனக்கு ஒதுக்கிய மேசைக்குக் கீழே என் முழங்கால்கள் போகவில்லை. ஒரு காலை உள்ளேயும் மற்றக் காலை நடைவழியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்மேசைப் பிள்ளை திரும்பி, "அங்கிள், மஞ்சள் கலர் இருக்கோ? நான் மறந்துபோனன்," என்றது. கொடுத்தேன். அந்த மண்டபத்தில் என்னைச் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

திகதிகளைப் பற்றி ஒரு முறைப்பாடு

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களில் சிலர், நான் நிகழ்ச்சிகளுக்குத் திகதி தருவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் உப தபாலதிபர். இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு நாள் காலையிலும் நான் செய்யும் முதல் வேலை, முத்திரை குத்தும் அச்சில் நேற்றைய திகதியைக் கழற்றி இன்றைய திகதியைப் பூட்டுவது. அப்படிப்பட்ட ஒருவன் திகதியில்லாமல் எழுதுவானா? இந்த அத்தியாயத்தை நாற்பத்தொரு திகதிகளுடன்தான் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் நாற்பத்தொன்றையும் வெட்டிவிட்டார். "வாசகர் திகதியைக் கண்டாக் கணக்குப் பாடம் எண்டு நினைச்சுப் பக்கத்தைத் திருப்பிவிடுகினம் ஐயா," என்றார்.

ஆகவே, அது ஒரு வைகாசி மாதம். செவ்வாய்க்கிழமை. நேரத்தையாவது விட்டுவைக்கும்படி கெஞ்சியிருக்கிறேன்: காலை எட்டு இருபது.

ஒரு தபாலதிபர் ஐம்பத்தொரு வயதில் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு சித்திரச் சோதினைக்கு ஏன் போனார் என்பதைச் சொல்ல, அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் போகவேண்டும்.

கேற்றடி வகுப்பு

மகள் அபிரா அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். கிழமையில் மூன்று நாள் இணுவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் நல்லூரில் ஒரு ரியூட்டறி வாசலில் இறக்குவேன். வகுப்பு இரண்டரை மணித்தியாலம். வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றியவுடன் திரும்ப வெளிக்கிடவேண்டும். ஆகவே கேற்றடியிலேயே நிற்பேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பனுடைய ஆயுளில் கணிசமான பகுதி ரியூட்டறிக் கேற்றடியில் கழிகிறது. இதைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை. ஒரு வரிசை மோட்டார் சைக்கிள், அதன்மேல் ஒரு வரிசைத் தகப்பன்மார். எவருக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது. நான் 'அபிராவின்ரை அப்பா'. எனக்குப் பக்கத்தில் 'போன மொடல் பேப்பருக்கு எண்பத்தொண்டு எடுத்த பெடியன்ரை அப்பா'. அவருக்கு எப்போதும் நிழலான இடத்தை விட்டுக்கொடுப்போம்.

ஒரு மழை நாள். ரியூட்டறித் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். போனில் சார்ஜ் இல்லை. கச்சான் கடலை வண்டில்காரர் சீலையால் மூடிக்கொண்டு போய்விட்டார். பையில் அபிரா வேண்டாமென்று தந்த ஒரு ரியூட் தாள் இருந்தது. முன்பக்கத்தில் தவளையின் இதயம். பின்பக்கம் வெறுமை. எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கறுப்பு ஹெல்மெற் ஒன்று தொங்கி, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நீலப் பேனையால் அதை வரைந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. முதலாவது, பூசணிக்காய்போல வந்தது. இரண்டாவது, மூடி உடைந்த சட்டிபோல வந்தது. மூன்றாவதில் ஹெல்மெற்றின் உள்ளே இருந்த இருட்டை வரைந்தேன். அப்போதுதான் அது ஹெல்மெற் ஆனது.

"அப்பா, பத்து நிமிசமா நிக்கிறன்."

நிமிர்ந்தேன். மழை விட்டிருந்தது. அபிரா நனையாத குடையோடு நின்றாள். மற்றத் தகப்பன்மார் எவரும் இல்லை. இரண்டரை மணித்தியாலத்தை எங்கோ தொலைத்துவிட்டேன். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் வழக்கமான பதினைந்து வரிகளுக்குப் பதிலாக ஒரே ஒரு சொல் இருக்கிறது: 'ஹெல்மெற்'.

அதற்குப் பிறகு நான் வகுப்பு நாள்களை எதிர்பார்க்கத் தொடங்கினேன். அபிரா தனக்குத் தடிமன், வகுப்புக்கு வரவில்லை என்றால், "தடிமனுக்கெல்லாம் வகுப்பை விடுறதோ?" என்று அதட்டினேன். அவள் என்னைப் பொறுப்பான தகப்பன் என்று நினைத்தாள்.

அன்ரன்

வண்டித் திறப்புக்கோர்வை பிடித்த கைகளை வரைந்தேன். பெற்றோல் தாங்கியில் சாய்ந்துகிடக்கும் தொந்திகளை வரைந்தேன். பிறகு அன்ரனுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்ரன் கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்பவர். அவருடைய மகளும் அபிராவின் வகுப்பு. எல்லாத் தகப்பன்மாரும் குனிந்து போனைப் பார்ப்பார்கள். அன்ரன் மட்டும் மேல்மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டரை மணித்தியாலமும் நிற்பார். உட்காரவே மாட்டார்.

"ஏன் நிக்கிறியள்? வந்து இருங்கோவன்," என்றேன் ஒரு நாள்.

"நான் இருந்தன் எண்டா உள்ளுக்கை பிள்ளை நித்திரையாப் போயிடும் போலை கிடக்கு போஸ்ற் மாஸ்ரர்," என்றார்.

நான் அவருக்குப் பின்னால் இருந்ததால் எனக்குக் கிடைத்தது முதுகுதான். அவருடைய முதுகை நாற்பத்தாறு தடவை வரைந்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மூலையிலும் திகதி உண்டு. ஆசிரியரின் கத்தரிக்கோல் அவ்வளவு தூரம் எட்டாது.

நேற்றில் இருந்த ஒரு நாள்

ஒரு காலை, தபாற்கந்தோரைத் திறந்து உட்கார்ந்தவுடன், வரைந்திருந்த அன்ரனின் தோள்பட்டையில் ஒரு பிழை இருப்பதைக் கண்டு, திருத்தத் தொடங்கினேன். பதினொரு மணிபோல பரமலிங்கம் அண்ணை பதிவுத் தபால் போட வந்தார். இவர் எங்கள் ஊர் வாசிகசாலையின் செயலாளர். ஓய்வுபெற்ற கிராம சேவகர். எந்தத் துண்டைக் கொடுத்தாலும் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டு முழுவதும் வாசித்துவிட்டே பையில் வைப்பார்.

"தம்பி, நான் நேற்று இஞ்சை வரேல்லையே?"

அவர் நீட்டிய துண்டை வாங்கிப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நான் திகதியை மாற்றியிருக்கவில்லை. அன்று காலை எங்கள் கந்தோரால் போன கடிதங்கள் எல்லாம் முதல் நாளே போய்விட்டன.

ஒரு மனிதன் காதல்வசப்பட்டிருக்கிறான் என்பதற்கு எத்தனையோ அடையாளம் சொல்வார்கள். எனக்கு வந்தது இதுதான்.

நான் அவசரமாக அச்சைக் கழற்றியபோது, மேசையில் கிடந்த தாளை அண்ணை கண்டுவிட்டார்.

"உது ஆர் கீறினது?"

"நான்தான் அண்ணை."

"எங்கை படிச்சனீர்?"

"படிக்கேல்லை."

"படிக்காமலோ கீறுறீர்?" நான் படிக்காமல் ஆள்களுக்கு ஊசி போட்டு வருவதாகச் சொன்னதுபோல அவர் முகம் மாறியது. ஆனாலும் தாளைக் கீழே வைக்கவில்லை. "வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறம். உதிலை ஒண்டைக் கொழுவலாம். ஆனா அத்தாட்சி வேணும்."

இங்கே ஒரு கிளைக்கதை. சில வருடங்களுக்கு முன்னான கண்காட்சியில் ஒருவர் வைத்த படம், கலண்டரில் இருந்து பென்சிலால் ஒற்றி எடுத்தது என்று பிறகு தெரியவந்தது. உடனே வாசிகசாலை யாப்பில் ஒரு வாசகம் ஏறியது: படைப்பு வைப்போர் அந்தத் துறையில் பெற்ற சான்றிதழின் பிரதியைப் படைப்பின் கீழ் ஒட்டுதல் வேண்டும். அடுத்த கண்காட்சியில் இடியப்பத் தட்டுப் பின்னிய ஒரு அம்மாவிடம் சான்றிதழ் இல்லை. அவர் தன் மகளின் பரதநாட்டியச் சான்றிதழை ஒட்டினார். நிர்வாக சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

"ஓ.எல்லிலை சித்திரம் எடுத்தனீரோ?" என்று கேட்டார் பரமலிங்கம் அண்ணை.

"இல்லை அண்ணை. வர்த்தகம்."

"அப்ப இப்ப எடும்," என்றார், காய்ச்சலுக்குப் பனடோல் எடுக்கச் சொல்வதுபோல.

வீட்டில் கிடைத்த வரவேற்பு

என் மனைவி கௌரி ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். கணிதம் படிப்பிப்பவள். சாதாரண தர விடைத்தாள் திருத்தப் பல வருடமாகப் போய்வருபவள். என் படங்களை அவள் அதுவரை இரண்டு தடவை பார்த்திருந்தாள். முதல் தடவை, "உதுக்கு என்ன பிரயோசனம்?" என்றாள். இரண்டாம் தடவை, "இன்னும் விடேல்லையே?" என்றாள்.

சோதினை என்று சொன்னவுடன் அவள் முகத்தில் விளக்குப் பத்தியது.

"சோதினையோ! அதை முதலே சொல்லியிருக்கலாமே. ஆரிட்டை ரியூசன்?"

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் தனி மேசை, தனி விளக்கு. நான் வரைந்துகொண்டிருந்தால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பாள். காலையில் வல்லாரைச் சம்பல். அதுவரை விசர் வேலையாக இருந்தது ஒரே நாளில் படிப்பாக மாறிவிட்டது.

"ஆனா ஒண்டு. எடுக்கிறதெண்டா ஏ தரம் எடுக்கோணும். என்ரை மனிசன் எண்டு ஊருக்குத் தெரியும்."

எனக்கு ஏ தேவைப்படவில்லை. அந்த நாற்பத்தாறு முதுகுகளில் ஒன்று, ஒரே ஒன்று, ஒரு சுவரில் தொங்கவேண்டும். நாலுபேர் முன்னால் நின்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதைக் கௌரியிடம் சொல்லும் துணிவு வரவில்லை.

ஏழு மனிதர், ஒரு மரம்

கொக்குவில் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நிரோஜினி ரீச்சர் சித்திர ரியூசன் நடத்தினார். முப்பது வயதுக்கு மேலிருக்கும். நுண்கலைப் பட்டதாரி. முதல் நாளே ஒரு படத்தைக் கரும்பலகையில் கொழுவி, "இதைப் பாடமாக்குங்கோ," என்றார்.

படத்தைப் பாடமாக்குவது என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அது ஒரு சந்தைக் காட்சி. இடப்பக்கம் மரம். ஏழு மனிதர். முதலில் ஏழு தலைகளுக்கும் ஏழு முட்டை வடிவம் போடவேண்டும். பிறகு ஒவ்வொரு முட்டையாக மனிதராக்கவேண்டும். வினாத்தாளில் எந்தத் தலைப்பு வந்தாலும் இந்த ஏழு பேரும் ஈடுகொடுப்பார்கள்.

"பஸ் ஸ்ராண்ட் வந்தா, கத்தரிக்காய்க் கடகத்தை எடுத்துப்போட்டுச் சூட்கேஸை வையுங்கோ. திருவிழா வந்தா, பின்னுக்கு ஒரு தேர்."

"அந்த மூண்டாம் ஆள் ஏன் ரீச்சர் கையை உயத்திக்கொண்டு நிக்கிறார்?" என்று கேட்டேன்.

"சந்தையெண்டா விலை கேக்கிறார். பஸ் ஸ்ராண்ட் எண்டா பஸ்ஸை மறிக்கிறார். கோயில் எண்டா கும்பிடுறார்."

"வெள்ளம் வந்தா?"

"உதவி கேக்கிறார். அவர் எல்லாத்துக்கும் பொருந்துவார் அங்கிள், யோசியாதேங்கோ."

இந்த முறையில் எனக்கு ஆச்சரியம் வந்திருக்கக்கூடாது. என் பள்ளிக்காலத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை சித்திரப் பாடத்தில் நாங்கள் வரைந்தது செவ்வரத்தம்பூ. சேர் ஒரு பூவைப் போத்தலில் வைத்துவிட்டுக் கணிதப் பயிற்சி திருத்தப் போய்விடுவார். நாலு வருடமும் அதே போத்தல். பூ மட்டும் புதிது. பத்தாம் வகுப்பில் பாடம் தெரிவுசெய்யும்போது, சித்திரம் என்று வாய் திறந்தவனை அடுத்த வாங்கிலில் இருந்தவன்கூட அனுதாபத்தோடு பார்த்தான். வேறொன்றும் ஓடாதவர்களுக்கென்று ஒதுக்கிய பாடம் அது.

ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் ரீச்சருக்கு அன்ரனின் முதுகுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தாளுக்குத் திரும்பவும் போனார்.

"நல்ல வடிவா இருக்கு அங்கிள். ஆனா சோதினையிலை முதுகுக்குப் புள்ளி இல்லை. முகம் வேணும். கலர் வேணும். ஏழு பேர் வேணும்."

தாள்களை அடுக்கித் தந்துவிட்டுச் சொன்னார்: "நான் ஆறு வருசமா அந்த ஏழு பேரோடைதான் இருக்கிறன். வேறை ஆக்களைக் கீறக் கை மறந்துபோச்சு."

மறுபடி மண்டபம்

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வரலாம். வினாத்தாளின் மற்றப் பகுதிகளை விட்டுவிடுகிறேன். படம் வரையும் பகுதியில் கேட்டிருந்த தலைப்புகளில் ஒன்று: 'பேருந்து நிலையத்தில் காத்திருப்போர்'.

மண்டபம் முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. கடகத்தை எடுத்துச் சூட்கேஸை வைத்தால் முடிந்தது. நடைவழியில் கிடந்த காலை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எல்லாத் தாள்களிலும் இடப்பக்கத்தில் ஒரே நேரத்தில் மரம் முளைத்துக்கொண்டிருந்தது. நிரோஜினி ரீச்சரைப்போல எத்தனை ரீச்சர்மார் எத்தனை கொட்டகைகளில் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது.

நானும் ஏழு முட்டை போட்டேன். அளவு சரி. இடைவெளி சரி. ஐந்தாம் ஆளில் தொடங்கினேன். அவர் ஓரத்தில் நிற்பவர். பக்கப்பார்வையில் மூக்குத் தெரியவேண்டும்.

மூக்கு வரவில்லை. பென்சில் அவரை மறுபக்கம் திருப்பிவிட்டது. கழுத்துப்பட்டி மடிந்திருந்த விதம் வந்தது. வேர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை வந்தது. பின்னால் கட்டிய கைகளும், ஒரு விரலில் கொழுவிய திறப்பும் வந்தன. உடம்பின் பாரம் முழுவதும் இடக்காலில் இருந்தது. தலை மட்டும் சற்று மேலே நிமிர்ந்திருந்தது.

வினாவில் இருந்த 'காத்திருப்போர்' என்ற சொல்லைத் திரும்ப வாசித்தேன். இந்த மண்டபத்தில் அந்தச் சொல்லைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை என்று ஒரு கர்வம் வந்தது. அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

"இன்னும் அரை மணித்தியாலம்," என்றார் மேற்பார்வையாளர். பிறகு, "இன்னும் ஐந்து நிமிசம்." அந்த ஐந்து நிமிடத்தில் மற்ற ஆறு முட்டைகளுக்கும் கண், மூக்கு வைத்து கலர் பூசியிருக்கலாம். நான் அன்ரனின் செருப்பில் தேய்ந்த குதியைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மஞ்சளைத் திருப்பித் தந்த முன்மேசைப் பிள்ளை என் தாளைப் பார்த்துத் திகைத்தது. "அங்கிள், உங்கடை மரம் எங்கை?"

பெறுபேறு

மாதங்கள் கழித்துப் பெறுபேறு இணையத்தில் வந்தது. என் பரீட்சைச் சுட்டெண் கௌரிக்கு மனப்பாடம். எனக்கு முன் அவள்தான் பார்த்தாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எஸ்."

வெளிநாட்டு வாசகர்களுக்காக விளக்குகிறேன். எஸ் என்றால் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். சித்திகளில் கடைசி. டபிள்யூ, அதாவது பெயில், வந்திருந்தால் தப்பியிருக்கலாம். காய்ச்சலோடு போனவர், கலர் போத்தல் ஊற்றுப்பட்டுப் போச்சுது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்க வழியுண்டு. எஸ்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஆள் சுகமாகத்தான் வந்தார், முழு நேரமும் இருந்தார், அவரால் ஆனது இவ்வளவுதான் என்று எழுதித் தருவதே எஸ்.

அரை மணித்தியாலத்தில் ரொறன்ரோவில் இருந்து கௌரியின் தங்கை போன் எடுத்தாள். "அத்தானுக்கு என்னவாம்?" கௌரி, "இன்னும் சைற் வேலை செய்யேல்லை," என்றாள். என்னைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

பரமலிங்கம் அண்ணை கந்தோருக்கே வந்தார். "எஸ்ஸும் சித்திதானே. யாப்பிலை தரம் எண்டு ஒண்டும் இல்லை. மூண்டு கிழமையிலை கண்காட்சி. படத்தையும் பெறுபேற்றுப் பிரதியையும் கொண்டு வாரும், கீழை ஒட்டுவம்."

வீட்டில் சொன்னேன்.

"ஒட்டுறதோ?" என்றாள் கௌரி. "அந்த வாசிகசாலைக்கு என்ரை பள்ளிக்கூடப் பிள்ளையள் வருங்கள். தாய் தேப்பன் வருங்கள். 'படிப்பு, படிப்பு' எண்டு அதுகளுக்குக் கத்திற நான், கீழை எஸ்ஸை ஒட்டிப்போட்டு எப்பிடி நிக்கிறது?"

"எஸ் எனக்குத்தானே."

"இந்த வீட்டுக்கு." அவள் முடிவெடுத்துவிட்டாள். "மீள்பரிசீலனைக்குப் போடுவம். புள்ளி கூடினா வாற வருசம் கொழுவுங்கோ. கூடாட்டிப் படமும் இல்லை, ஒண்டும் இல்லை."

சனிக்கிழமைத் திருத்தம்

கௌரி எதையும் ஆதாரமில்லாமல் செய்யமாட்டாள். விண்ணப்பம் போடுமுன் புள்ளி எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவேண்டும். தன் பாடசாலைச் சித்திர ஆசிரியரிடம் புள்ளித் திட்டத்தை வாங்கி வந்தாள்.

"அண்டைக்கு என்ன கீறினனீங்களோ, அப்பிடியே கீறிக் காட்டுங்கோ. ஒண்டும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது."

சனிக்கிழமை காலை, சமையலறை மேசை. சோதினைக்குக் கொடுத்த அதே நேரம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து அவளே மேற்பார்வை செய்தாள். தேத்தண்ணி கேட்டேன், மண்டபத்தில் தந்தார்களா என்று கேட்டாள். நான் ஒன்றும் மறைக்கவில்லை. ஆறு முட்டைகளையும் இருந்த இடத்தில் இருந்தபடியே போட்டேன். அன்ரனை முழுமையாக வரைந்தேன்.

நேரம் முடிந்ததும் தாளை இழுத்தெடுத்தாள். படத்தில் கை வைக்காமல், வேறு ஒரு தாளில் சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டு போனாள்.

"உருவம் ஏழு கேட்டது. ஒண்டு இருக்கு. மற்ற ஆறு பேரும் முட்டை."

"ஓம்."

"கலர் இல்லை. பஸ்ஸும் இல்லை. பஸ் ஸ்ராண்டிலை பஸ் இல்லாட்டி என்னெண்டு புள்ளி போடுறது?"

"ஓம்."

கூட்டினாள். இன்னொரு தடவை கூட்டினாள். மற்றப் பகுதிகளுக்கும் நான் சொன்ன விடைகளை வைத்து உத்தேசமாகப் போட்டுப் பார்த்தாள்.

"எஸ்தான்," என்றாள். "அவை சரியாத்தான் போட்டிருக்கினம். நான் திருத்தியிருந்தாலும் உதுதான்."

பேனையை மூடினாள். முடிந்தது என்று நினைத்து நான் பென்சில்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அவள் எழும்பவில்லை. புள்ளித் திட்டத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சிந்திய சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போகவில்லை.

"இவரின்ரை பிள்ளை இன்னும் வெளியாலை வரேல்லை, என்ன?"

அன்ரனைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. படத்தில் ரியூட்டறி இல்லை, கேற் இல்லை, ஜன்னலும் இல்லை.

"ஓம்," என்றேன். "இன்னும் வரேல்லை."

"பெட்டையோ, பெடியனோ?"

"பெட்டை."

"கன நேரமா நிக்கிறார் போலை. இருக்கச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். கேக்கிறார் இல்லை."

அவள் தலையாட்டினாள். மீள்பரிசீலனை விண்ணப்பத்தை எடுத்து நாலாக மடித்து, சிந்திய தண்ணீரின்மேல் போட்டுத் துடைத்தாள்.

சுவரில்

கண்காட்சியில் என் படத்துக்குக் கிடைத்த இடம், பரிசு பெற்ற கத்தரிக்காய்களுக்கும் தும்புத்தடி விளக்குமாறுகளுக்கும் நடுவில். அந்தச் சனிக்கிழமை வரைந்த தாளைத்தான் கொழுவினோம். கீழே பெறுபேற்றுப் பிரதி. படத்தைவிடப் பிரதி ஒரு விரற்கடை அகலம்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் குனிந்தார்கள். குனிந்து பிரதியை வாசித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கத்தரிக்காய்க்குப் போனார்கள். படத்துக்கு ஒரு கண்பார்வைகூடக் கிடைக்கவில்லை.

பிரதம விருந்தினராக வந்த விரிவுரையாளர் ஒருவர்தான் நின்று பார்த்தார். அவருக்கு ஆறு முட்டைகளும் பிடித்துவிட்டன. "முகமிழந்துபோன ஒரு சமூகத்தை எவ்வளவு துணிச்சலாக் காட்டியிருக்கிறியள்," என்றார்.

"நேரம் போதேல்லை ஐயா," என்றேன்.

"அதேதான்! காலம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். அவர் முட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் அன்ரனை அவருடைய தோளே மறைத்திருந்தது.

கௌரி காலையிலிருந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். பாடசாலைக்குக் கட்டும் சீலை, கைப்பை, மூக்குக் கண்ணாடி. நான் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நாலு மணிபோல அவளுடைய மாணவி ஒருத்தியின் தாய், தெரிந்த இன்னும் மூன்று பேரோடு வந்தார். குனிந்தார். வாசித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இரக்கமும் சந்தோசமும் சரிபாதியாக இருந்தன.

"மிஸ், இது... உங்கடை அவருக்கோ எஸ்?"

நான் தும்புத்தடிகளின் பக்கம் நகர்ந்தேன்.

"ஓம்," என்றாள் கௌரி. வகுப்பின் கடைசி வாங்கிலுக்கும் கேட்கும் குரல். "நானும் திருத்திப் பாத்தனான். எஸ்தான்."

பிறகு கைப்பையை எடுத்துப் பிரதியை மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வாசிச்சது காணும். இனிப் படத்தைப் பாருங்கோ."